வட்டமாக உட்காருங்கள்

பயிற்சி வகுப்போ நண்பர்கள் கூடுகையோ, "எல்லோரும் வட்டமாக உட்காருங்கள், ஒரு சின்ன விளையாட்டு" என்று ஒருங்கிணைப்பாளர் உற்சாகமாகக் கைதட்டும் அந்த நொடியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கத் தொடங்கிவிடுகிறது. பெயரையும், அதன் முதல் எழுத்தில் தொடங்கும் ஒரு பண்பையும் சொல்லி, போதாக்குறைக்கு முன்னால் பேசிய அத்தனை பேரின் பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டுமாம். இருபதாவது ஆளாக உட்கார்ந்திருப்பவரின் நிலையை விதி வகுத்தவர் எண்ணிப் பார்த்ததே இல்லை போலும். தன் முறைக்குச் சற்று முன்னால் பேசியவர் சொன்னது ஒருவரின் மனத்தில் சரியாகப் பதிவதில்லை என்பதை மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973ஆம் ஆண்டிலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆக, அறிமுகத்துக்காகவே நடத்தப்படும் சுற்றில் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர்தான் முதலில் மறந்துபோகிறது. இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்லும் விளையாட்டு இதைவிடக் கொடுமை: என் வாழ்க்கையில் சுவையான உண்மைகள் இரண்டுகூடத் தேறாது என்பதை முன்பின் தெரியாதவர்கள் முன்னால்தான் நான் கண்டுபிடிக்க வேண்டுமா? (பொய்யும் எனக்குச் சரியாக வராது.) இருவர் இருவராகப் பிரித்து ஐந்து நிமிடம் பேசவிட்டாலே கூச்சம் பாதி விலகிவிடும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பெயர் சொல்லி எறியும் பந்து என் மடியில் வந்து விழுந்துவிடுகிறது.