பெரிய பைக், சின்ன ஷாக்

"650 எடுத்துட்டீங்க, இனி மேடு பள்ளமே தெரியாதுல்ல?"

எட்டு மாதமாக இதே கேள்வி. பெட்ரோல் பங்க்கில், டீக்கடையில், போன வாரம் ஒரு கல்யாண மண்டப வாசலில். கேட்கிறவர் பதிலையும் தானே முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார். நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இன்று திருச்சியில் காலையிலிருந்து மழை, வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். மேடு பள்ளம் தெரிகிறது. சில இடங்களில் என் பழைய 350-ல் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிகிறது.

பழைய வண்டி ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350. 2021-ல் எடுத்தது, முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டினேன். இப்போது இருப்பது அதே கம்பெனியின் சூப்பர் மீட்டியார் 650. எனக்கு வயது 44, எடை 86 கிலோ, இடுப்பு வலி கொஞ்சம் உண்டு. பெரிய வண்டி என்றால் சொகுசு என்ற கணக்கில்தான் மாறினேன். வாங்குவதற்கு முன் எடுத்த டெஸ்ட் ரைடு வழவழப்பான நான்குவழிச் சாலையில் மூன்று கிலோமீட்டர். அதில் எந்த வண்டியும் சொகுசாகத்தான் இருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் மாதமே பாடம் கிடைத்தது. துறையூர் போகிற வழியில் ஓர் ஊருக்கு முன்னால், வெள்ளைக்கோடு, பலகை எதுவும் இல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக முளைத்த ஒரு ஸ்பீடு பிரேக்கர். ஐம்பதில் போய்க்கொண்டிருந்தேன். முன்சக்கரம் அழகாக ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது யாரோ சீட்டுக்கு அடியிலிருந்து உலக்கையால் குத்தியது மாதிரி இருந்தது. ஓரங்கட்டி நிறுத்தி ஐந்து நிமிடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி ஒரு ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிந்து ஏறி 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் அந்தப் பத்து சென்டிமீட்டரை மட்டும் படித்துவிட்டு, அகலம் போட்டிருக்கிற வரியை விட்டுவிடுகிறார்கள். அது தனிப் பதிவு, இன்னொரு நாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வண்டிகளின் விவரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. குதிரைத்திறனையும் விலையையும் தவிர வேறெதையும் அப்போது நான் படிக்கவில்லை.

350-ன் எடை 191 கிலோ, 650 241 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை கூடுதல். முன்பக்கம் 350-ல் 41 மில்லிமீட்டர் தடிமனில் சாதா ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்கள். அது 130 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் போகும். 650-ல் தலைகீழ் ஃபோர்க், 43 மில்லிமீட்டர், பார்க்கவே மிரட்டலாக இருக்கும். ஆனால் அது போய்வரும் தூரம் 120 மில்லிமீட்டர்தான். பின்பக்கம் 101. சீட்டு உயரம் 765-லிருந்து 740-க்கு இறங்கிவிட்டது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த 170 மில்லிமீட்டர் 135 ஆகிவிட்டது.

அதாவது வண்டி பெரிதானது, ஷாக் அப்சார்பருக்கு இருந்த இடம் சின்னதானது.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. க்ரூஸர் என்ற வடிவமே அப்படித்தான். தாழ்வாக, நீளமாக, சாய்ந்து உட்கார்ந்து போகும் வண்டி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். சீட்டைத் தாழ்த்தினால் சீட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஷாக் வேலை செய்யும் இடம்தான் போகும். இதே கம்பெனியின் ஹிமாலயன் 450-ல் இரு பக்கமும் 200 மில்லிமீட்டர் இருக்கிறது, ஆனால் சீட்டு 825-ல் நிற்கும். ஐந்தரை அடி ஆள் சிக்னலில் நுனிக்காலில் நிற்க வேண்டும். கவாஸாகி வல்கன் எஸ் இன்னும் தாழ்வு, சீட்டு 705. பின்பக்கம் சக்கரம் ஆடும் தூரம் 80 மில்லிமீட்டர்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. ஒரு காலத்தில் பெரும்பாலான பைக்குகளுக்குப் பின்னால் ஷாக்கே கிடையாது. சக்கரத்தை நேராக ஃபிரேமில் முடுக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங் வைப்பார்கள். நம் புல்லட் 1940-களின் கடைசியிலேயே பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங்ஆர்ம், பின் ஷாக் சகிதம் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிக்கு அது 1958-ல், ட்யுயோ க்ளைடில்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வந்த ஷாக்கை அவர்களே 1984-ல் சாஃப்டெயில் என்ற பெயரில் வண்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். பார்த்தால் பழைய ஷாக் இல்லாத வண்டி மாதிரி இருக்க வேண்டுமாம்! ஷாக் தெரிந்தால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்த பரம்பரையில் வந்த வடிவத்தை வாங்கிவிட்டு, ஷாக் பஞ்சு மாதிரி இல்லையே என்று புலம்பினால் யார் கேட்பார்கள்?

உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும், என் பார்வையில் ஷாக்கைவிட அதுதான் பெரிய விஷயம். சாதாரண பைக்கில் கால் நமக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் அனிச்சையாக ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து லேசாக எழுந்துவிடுவோம். நம் முட்டியே ஒரு ஷாக் அப்சார்பர், அதுவும் நல்ல தரமான ஒன்று. க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், எழவே முடியாது. கீழ் முதுகு கூன் போட்டபடி இருக்கும், உடம்பின் பாரம் முழுக்கப் பிட்டத்தில். அடி விழுந்தால் இடையில் வாங்கிக்கொள்ள ஆளில்லை, நேராக முதுகெலும்புக்குத்தான்.

அப்படியானால் பெரிய வண்டியில் சொகுசே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். காலி டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருப்பீர்கள். அதே பஸ் ஆள் நிரம்பிப் போகும்போது அதே ரோட்டில் அவ்வளவு தூக்கிப் போடாது. கனமான வண்டி, தனக்குக் கீழே சக்கரம் துள்ளுவதைப் பொருட்படுத்தாது. 650-ன் கனம் அந்த வேலையைத்தான் செய்கிறது. சின்னச் சின்னச் சொறசொறப்பு, ஒட்டுப்போட்ட தார், கொள்ளிடம் பாலத்தின் இணைப்புகள் எல்லாம் எண்பதில் போனால் அடங்கிவிடுகின்றன. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1500 மில்லிமீட்டர் தூரம் (வீல்பேஸ்) வேறு, அதனால் வண்டி முன்னும் பின்னும் ஆடுவதில்லை. பக்கத்தில் லாரி உரசிப் போனாலும் அசையாது. என்ஜினும் நூறில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். 350-ல் நூறைத் தொட்டால் ஃபுட்ரெஸ்ட்டும் கண்ணாடியும் பேச ஆரம்பிக்கும். பெரம்பலூர், உளுந்தூர்ப்பேட்டை, விக்கிரவாண்டி என்று சென்னைக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போய் இறங்கினால் 350-ல் கை மரத்திருக்கும், காது இரையும். 650-ல் அது இல்லை. அந்தச் சுகத்துக்காக இந்த வண்டியை நான் விற்கமாட்டேன். உறையூர் சந்துக்குள் போகிற சுகத்தை இதில் தேடியதுதான் என் தப்பு.

சரி, அந்த உலக்கைக் குத்துக்கு வருகிறேன். பாலக்கரையில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், புல்லட் வேலையில் முப்பது வருஷம். வண்டியைப் பார்த்தார், சீட்டை இரண்டு தடவை அமுக்கினார், டயரைக் கட்டைவிரலால் தட்டினார்.

"தம்பி, இதுல காத்து எவ்வளவு?"

"பஞ்சர் கடையில அடிச்சதுண்ணே."

மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு டயரிலும் 42 பிஎஸ்ஐ. பெரிய வண்டி என்று பஞ்சர் கடைத் தம்பி தாராளமாக அடித்திருக்கிறார். அப்புறம் பின் ஷாக்கின் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவு. முதல் சர்வீஸில் "டபுள்ஸ் போவீங்கல்ல சார்" என்று கேட்டு, கடைசிக்கு முந்திய படிவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். நான் நூற்றில் தொண்ணூறு நாள் தனியாகப் போகிறவன்.

ப்ரீலோடு பற்றி நம்மிடம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது, எனக்கும் இருந்தது. அதைக் குறைத்தால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று. ஸ்பிரிங்கின் விறைப்பு அதனால் மாறவே மாறாது. நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்கி நிற்கிறது என்பதுதான் மாறும். மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் நல்லது என்பது பொதுவான கணக்கு. அந்த இறக்கம் எதற்கென்றால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே போக இடம் வேண்டும். இடமில்லையென்றால் சக்கரத்தோடு சேர்ந்து வண்டியும் நாமும் விழுவோம். பையனை ஸ்கேலோடு பின்னால் நிற்கவைத்து அளந்தேன். 101-ல் நான் உட்கார்ந்தால் 15 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. சி ஸ்பேனரால் ப்ரீலோடைக் கடைசிவரை இறக்கியதும் 27 ஆனது. காற்றை வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் காசு வாங்கவில்லை, ஒரு டீயோடு சரி.

அதே ஸ்பீடு பிரேக்கர், முப்பதில் போய்ப் பார்த்தேன். குத்து இருந்தது, உலக்கை இல்லை. பாதிக்குப் பாதி குறைந்தது என்று சொல்லலாம், வேகம் குறைந்ததற்கும் அதில் பங்கு உண்டு. மீதிப் பாதி அந்த 101 மில்லிமீட்டருக்கும் என் உட்காரும் விதத்துக்கும் சொந்தம். அதை எந்த ஸ்பேனரும் மாற்றாது. வெளியே விற்கிற, கேஸ் டப்பா வைத்த ஷாக் போடச் சொல்லி நிறையப் பேர் சொல்கிறார்கள். அந்த டப்பா முக்கியமாகச் செய்கிற வேலை, நீண்ட நேரம் மோசமான ரோட்டில் ஓடும்போது உள்ளே எண்ணெய் நுரைக்காமல் காப்பது. டப்பா இருக்கிறது என்பதாலேயே வண்டி மெத்தென்று ஆகிவிடாது. நம் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பிங்கும் இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். முதலில் காற்றையும் ப்ரீலோடையும் சரிபாருங்கள், அதற்கு ஒரு டீக்காசு போதும்.

350-ஐ மைத்துனனுக்குத்தான் கொடுத்திருந்தேன். பொங்கலுக்கு அதில் வந்திருந்தான். "மாமா, ஒரு ரவுண்டு குடுங்க" என்று 650 சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான், நான் அவனுடையதை எடுத்துக்கொண்டேன். தெருவில் கேஸ் குழாய்க்குத் தோண்டி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இடத்தை 350 சும்மா தாண்டியது. வண்டி குலுங்கியது, எனக்கு வலிக்கவில்லை. நானே கொடுத்துவிட்ட வண்டி! இன்னும் இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் திரும்பினேன். அவனும் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தான், பைபாஸ் வரை போயிருக்கிறான். "மாமா, இது வேற மாதிரி மாமா" என்றான். எனக்கும் அதே வார்த்தைதான் மனதில் இருந்தது, ஆனால் அவன் வண்டியைப் பற்றி. சொல்லவில்லை, சாவியைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்று பயந்துவிடுவான்.

பின்னால் உட்காருகிறவர்கள் கதையைச் சொல்லாமல் முடித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. மனைவி ஏறினால் எனக்கு வண்டி இன்னும் சொகுசாகிவிடுகிறது. கூடுதல் பாரத்தில் அந்த விறைப்பான ஸ்பிரிங் இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் அவள் உட்காருவது கிட்டத்தட்டப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே. எனக்குக் குறைகிற அடி அவளுக்குக் குறைவதில்லை. ப்ரீலோடை ஏற்றாமல் இருவரும் போனால் பெரிய பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் இடிக்கும், அந்த இடி முழுக்க அவளுக்குத்தான். அதனால் டபுள்ஸ் போகிற நாளில் இரண்டு படி ஏற்றிவிடுகிறேன். கொல்லிமலைக்கு ஒருமுறை கூட்டிப்போனேன், எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவுகளில் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசியது. இறங்கியதும் அவள் சொன்னது, "அடுத்த தடவை பஸ்."

பின் சீட்டுக்கு ஓர் இஞ்ச் நல்ல ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். சீட் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், உட்காரவைத்து அளவு பார்க்கணுமாம். இன்னும் அவளிடம் கேட்கவில்லை.