அந்த ஓட்டை மார்ச்சிலேயே இருந்தது

பாசனச் சானலின் கரை உடைப்பை மணல் மூட்டை போட்டு அடைத்த படங்களை நேற்று ராத்திரியிலிருந்து எல்லோரும் பகிர்கிறீர்கள். நல்லது. அதன் கீழே "இது மார்ச்சிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை" என்று நான் ஒரு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு ஏச்சு வரும் என்று நினைக்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் மூட்டை சுமந்த பையன்களை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் தம்பி மகனும் அங்கேதான் நின்றான். வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது; நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அவர்கள் செய்தது பெரிய காரியம். அதை அவர்கள் செய்யும்படி ஆனதே என்பதுதான் என் ஆத்திரம்.

பிப்ரவரி கடைசியில் அணையை அடைத்தால், ஜூனில் கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, திறக்கும்வரை சானல் காய்ந்து கிடக்கும். முழுசாக மூன்று மாதம். எங்கே எலி வளை, எங்கே வேர் கரையைப் பிளந்திருக்கிறது, எந்த மதகடியில் வண்டலும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கிறது என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நவம்பரில் தண்ணீர் புரண்டு வரும்போது ஒன்றும் தெரியாது, மூட்டைதான் போடலாம். நேற்று உடைந்த இடம் மார்ச்சில் ஒரு முழங்கை நுழையும் ஓட்டை. நானே கையை விட்டுப் பார்த்தேன். படம் எடுத்து, மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்டேன். ஆறு பேர் போட்டார்கள்.

அப்பா விடியற்காலையில் மம்பட்டியோடு வயலுக்குப் போவார். வரப்பில் நண்டு வளையைக் கண்டால் அங்கேயே குந்தி, களிமண்ணைக் குழைத்துத் திணித்து, குதிகாலால் மிதித்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று நான் சிணுங்கினால், "இப்போ ஒரு பிடி மண்ணு போதும்லே. நாளைக்கு வந்தா வரப்பே இருக்காது" என்பார்.

இயற்கைச் சீற்றத்தை யார் தடுக்க முடியும் என்கிறார் ஒரு நண்பர். மழையைத் தடுக்கவா சொன்னேன்? 2017இல் ஒக்கிப் புயலை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குப் புயல் செய்தி போய்ச் சேர வழியில்லாமல் இருந்ததே. தூத்தூர், வள்ளவிளை மீனவ ஊர்களில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் போய் "யார் தடுக்க முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். 2021 நவம்பரில் ரயில் பாதையில் மண் சரிந்து திருவனந்தபுரம் ரயில்கள் நின்ற அந்த வாரமும், இதே கரையில் இதே மூட்டைதான் போட்டோம்.

பணம் இல்லை என்கிறவர்களோடு பேச எனக்குப் பொறுமை இல்லை. நேற்று ஒரு ராத்திரி ஜேசிபி வாடகையைக் கேட்டுப் பாருங்கள். மண் மூடிப் போன கும்பப்பூ (இரண்டாம் போக) நாற்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எப்பவும் குறை சொல்றவன்" என்று எழுதியது சொந்த அத்தை மகன். அதுதான் வலிக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது அவனுக்குத் தெரியும். காலில் சின்னக் கொப்புளம் வந்தது. வயலில் நடக்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்றார் அப்பா, அப்புறம் பார்க்கலாம் என்று நானும் விட்டேன். மூன்று வாரத்தில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ரத்தம் கொடுக்கவும் ராத்திரி கண்விழிக்கவும் எத்தனை பேர் ஓடி வந்தீர்கள்! அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் "காலைக் காட்டுங்க" என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்ற மகன் நானே கேட்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்திருக்கும், வலி தெரியாது, தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. நண்டு வளை ஒன்றைக்கூட விடாத மனுஷன் அப்புறம் இரண்டு வருஷம் திண்ணையிலேயே இருந்தார். அதனால்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இதற்குக் குறை சொல்வது என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். மூட்டை அடுக்கிய இடத்துக்கு அறுபதடி கிழக்கே, புளியமரத்தடியில், கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிகிறது. தெளிந்த தண்ணீர் என்றால் இவ்வளவு பயப்பட மாட்டேன். கலங்கலாக வருகிறது, உள்ளே மண் கரைகிறது. சம்பந்தப்பட்டவர்களுக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே நிற்பேன். மம்பட்டி இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள்.