ஆட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பூல் (மேசையில் கியூ என்கிற கோலால் பந்துகளைப் பாக்கெட்டில் விழ வைக்கும் ஆட்டம்) ஆடுகிறவர்களுக்கும், பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நம்ம போட்டிகளுக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சக ஆட்டக்காரரின் ஆட்டத்தில் குறை சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். யாரும் சொல்லாமல் நாம் எப்படித் தேறுவது? ஆனால் போட்டி நடக்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன்.

ஒரு பந்து தவறினால் போதும், நாற்காலியிலிருந்து உடனே குரல் வருகிறது: "அதை ஏன்டா எடுத்தான், இந்தப் பக்கம் ஈஸியா இருந்துச்சே." உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் மேசை வேறு, கியூவுக்கு மேல் தாடையை வைத்துக் குனிந்திருப்பவர் பார்க்கும் மேசை வேறு. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் திறந்து கிடக்கிற பாக்கெட்டை, நேர்கோட்டில் குனிந்தால் இன்னொரு பந்தின் ஓரம் மறைத்துக்கொண்டிருக்கும். கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து குஷனை (மேசையின் ரப்பர் ஓரத்தை) ஒட்டி நின்றால் அதன் மேல்பக்கம் மட்டும்தான் அடிக்கக் கிடைக்கும், பின்னோக்கி ஸ்பின் கொடுப்பது கடினம். பந்து விழுந்தாலும் அடுத்த பந்துக்கு வெள்ளை வந்து சேராது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். நாற்காலிக்கு இதில் எதுவும் தெரியாது.

இதைவிட மோசமானது, ஆட்டம் தொடங்கும் முன் அக்கறையாகச் சொல்வது. "தம்பி, உனக்கு முழங்கை கொஞ்சம் ஆடுது, பாத்துக்க." கேட்க நல்லெண்ணம் மாதிரிதான் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பையன் பந்தைப் பார்க்க மாட்டான், முழங்கையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். பிடி இறுகும், அடி கோணும். உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகள் எதிராளியின் கவனத்தைக் கலைப்பதை விளையாட்டுப் பண்புக்கு மாறான நடத்தை என்கின்றன. கியூவைத் தரையில் தட்டினால்தான் கலைப்பது என்று நினைக்காதீர்கள். ஒரு வாக்கியமும் கலைக்கும்.

சேஃப்டி, அதாவது எதிராளிக்குச் சுலபமான அடி கிடைக்காதபடி ஆடினால் "பயந்தாங்கொள்ளி ஆட்டம்" என்பதையும் நிறுத்துங்கள். 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளை வைத்து ஆடும் 9-பாலில் மேசையில் உள்ள மிகச் சிறிய எண் பந்தை முதலில் தொட வேண்டும். அப்புறம் ஒரு பந்து பாக்கெட்டில் விழ வேண்டும், இல்லையென்றால் ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும். அதைச் செய்துவிட்டு வெள்ளையை ஒளித்து வைப்பது, பந்து போடுவதைவிடக் கடினமான வித்தை. தற்செயலாக விழுந்த பந்தும் 9-பாலில் செல்லும். 10-பாலில்தான் எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று சொல்லி அடிக்க வேண்டும். 9-பால் ஆட வந்துவிட்டு எதிராளியின் முகத்துக்கு நேரே "லக்கு" என்று முனகுவது என்ன நியாயம்?

பேசியே ஆக வேண்டிய இடமும் உண்டு. நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஃபவுலை அப்போதே சொல்ல வேண்டும். எந்தப் பந்து முதலில் படும் என்று சந்தேகமாக இருந்தால், அடிக்கும் முன்பே நிறுத்தி மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டும். 9-பாலில் எதிராளி அடுத்தடுத்து இரண்டு ஃபவுல் செய்துவிட்டால், "ரெண்டு ஆயிடுச்சு" என்று அவருக்குச் சொல்வது நம் கடமை. சொல்லாமல் விட்டால் மூன்றாவது ஃபவுலில் அவர் ரேக்கை (அந்த ஒரு சுற்று ஆட்டத்தை) இழக்க மாட்டார். இதையெல்லாம் சத்தமாக, தெளிவாகச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம்ம ஊருக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆடுகிறவர் மலையாளி என்றால் தமிழிலும், தமிழர் என்றால் மலையாளத்திலும் கமென்ட் அடித்துவிட்டுச் சிரிப்பது. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் யாருக்கு எந்த மொழி புரியாது? மேசைக்குக் குனிந்திருக்கிற ஏட்டனுக்கு (மலையாளத்தில் அண்ணன்) ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. குறை சொன்னதைக்கூட மறந்துவிடலாம். தனக்குப் புரியாது என்று நினைத்துச் சிரித்ததை யாரும் மறப்பதில்லை. இதனால் நம்ம பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்ட நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

திறமை குறைந்தவருக்குச் சலுகை தரும் ஹேண்டிகேப் போட்டிகளில் "வேணும்னே குறைச்சு ஆடுறான்" என்று டீக்கடையில் பேசுவதும் வேண்டாம். அது ஒருவர் நேர்மையின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. சந்தேகம் இருந்தால் போட்டி நடத்துகிறவரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்.

1996-ல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸும் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும், முதலில் 120 ரேக் எடுப்பவருக்கே வெற்றி என்று ஆடினார்கள். நன்றாகப் பின்தங்கியிருந்த ரேயஸ் 120–117 என்று ஜெயித்தார். பாதியில் எழுந்து தீர்ப்புச் சொன்னவர் இருந்தால் அவர் சொன்னதற்கு என்ன மதிப்பு?

ஓணம் சமயத்துப் போட்டி நடத்துகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். ஆட்டத்தின் நடுவே குறை சொல்லக்கூடாது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் அறிவித்துவிடுங்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் விளக்கை அணைக்காமல் ஒரு மேசையை அரை மணி நேரம் விட்டு வையுங்கள். குறை சொல்ல வேண்டியவர் முதலில் "ஏட்டா, ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்கட்டும். சரி என்றால், பந்துகளை அதே இடத்தில் வைத்து, அவரையே மறுபடி அடிக்கச் சொல்லிக் காட்டட்டும்.