பிப்ரவரி 25: விடுமுறை வேண்டாம்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பிப்ரவரி 25-ஐ ஆண்டுதோறும், நம் சிங்கப்பூரின் தேசியப் பற்றுறுதியை எழுதிய எஸ். ராஜரத்தினம் தினமாக அரசாங்கம் அறிவிக்கலாமே என்று நான் வாயைத் திறந்ததும், "அப்படியே கோயிலும் கட்டிடலாமா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

நான் விடுமுறை கேட்கவில்லை. ஜூலை 21 இன நல்லிணக்க நாள், அதற்கு விடுமுறையா? பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினம், மாலை 6.20க்கு ஊரெல்லாம் சங்கு ஊதுகிறது, யாராவது லீவு கேட்டோமா? அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அவர் பிறந்தநாள். காலையில் பள்ளிகளில் ஐந்து நிமிடம், ஒரு பெயர், அவ்வளவுதான் கேட்கிறேன்.

1966 ஆகஸ்டில் மாணவர்கள் முதன்முதலாகப் பற்றுறுதி எடுத்தபோது அப்பா தமிழ்ப் பள்ளிப் பையன். இன்றைக்கும் தேசிய தின அணிவகுப்பு டிவியில் ஓடினால், கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து, வலது கையை மூடி நெஞ்சில் வைத்து, "சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்" என்று தமிழிலேயே சொல்வார். போன வருடம் பக்கத்தில் நின்ற அக்கா மகனிடம், இதை எழுதியது யாருடா என்றேன். உயர்நிலை மூன்று படிக்கிறான். "லீ குவான் இயூ" என்றான், யோசிக்கவே இல்லை. (லீ திருத்தினார்தான், வரைவு ராஜரத்தினத்துடையது.) அப்பா ஒன்றும் சொல்லாமல் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஒருவருக்கு வைத்தால் முதல் நிதியமைச்சர் கோ கெங் சுவீக்கும் கேட்பார்கள் என்பீர்கள். கேட்கட்டுமே, வைப்போம். கரையோரப் பூந்தோட்டத்தில் நாட்டை உருவாக்கிய எல்லாருக்கும் சேர்த்து நினைவகம் கட்டுகிறார்களே என்பீர்கள். நல்ல விஷயம், ஆனால் பள்ளியில் பஸ் வைத்துக் கூட்டிப்போனால்தான் அக்கா மகன் அங்கே போவான்.

ராஜரத்தினம் தன்னைத் தமிழர் என்று முன்னிறுத்தியவர் இல்லையே, நீ ஏன் துள்ளுகிறாய் என்றால், அது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்து, ஹங்கேரியப் பெண்ணை மணந்து, 1965 முதல் 1980 வரை நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். இனம், மொழி, மதம் பார்க்காதே என்று எழுதியவரே அவர்தான். சரி, தமிழர் என்பதற்காகக் கேட்கவில்லை, போதுமா?

ஆனால் சிரித்தவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். வேலையிடத்தில் ஒரு சீன நண்பரிடம் சொன்னேன், "இன்னுமா வைக்கவில்லை?" என்றார். நம்மாட்களோ, "சிலோன்காரருக்கு நாம ஏன்?" பின்வரிசையில் மெதுவாகச் சொன்னதாக நினைப்பு, எனக்குக் கேட்டது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார், ராஜரத்தினம் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, இதில் யார் யாருக்கு ஒசத்தி?

கோயில் ஜோக் அடித்த அண்ணே, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். ஆகஸ்டில் நம் புளோக் தேசிய தின விருந்தில் மைக்கைப் பிடித்து, நெஞ்சில் கை வைத்து, எல்லாரையும் நிற்கச் சொல்லிப் பற்றுறுதியை முன்னின்று சொன்னது யார்?