தாய்மாமன் சீரும் காலி சைட்டும்

(கோயமுத்தூர், போத்தனூர் பக்கம் ஒரு வீதி. காதுகுத்து முடிந்து மூன்றாம் நாள். வாசலில் குப்பை வண்டி.)

வண்டிக்கார அக்கா: ஏனுங்ணா, உங்க பாப்பா காதுகுத்துப் பத்திரிக்கை கெடைச்சுதுங்க.

வீட்டுக்காரர்: அய்யோ அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு வெக்கோணும்னுதான் எடுத்து வெச்சிருந்தனுங்க. ஒறம்பரை வந்த அவசரத்துல உட்டுப்போச்சு. யாருங்க குடுத்தாங்க?

அக்கா: யாரும் குடுக்கலீங்க. அந்தக் காலி சைட்டுல கெடந்துச்சு.

வீட்டுக்காரர்: எங்க கெடந்தா என்னுங்க, அழைப்பு அழைப்புதானுங்களே! பலகாரம் இருக்குது, எடுத்துட்டு வரச் சொல்லட்டுங்களா?

அக்கா: பலகாரம் வேண்டாங்க. மூணு மூட்டை இருக்குது, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

வீட்டுக்காரர்: மூட்டைக் கணக்குல பலகாரத்துக்கு நான் எங்கீங்க போவேன்?

அக்கா: குப்பை மூட்டைங்ணா.

வீட்டுக்காரர்: (முகம் மாறுகிறது. கூடவே 'ங்க'வும் காணாமல் போகிறது, கவனியுங்கள்) அது எங்க ஊட்டுதுன்னு எப்படிச் சொல்றே?

அக்கா: தாய்மாமன் பேரு போட்டிருக்குதுங்க.

வீட்டுக்காரர்: அந்தப் பேருல ஊருக்குள்ள நூறு பேரு இருப்பாங்க.

அக்கா: பேருக்குப் பின்னால பி.இ.ன்னு போட்டிருக்குதுங்க.

வீட்டுக்காரர்: கோயமுத்தூர்ல பி.இ. படிக்காதவன் யாரு?

அக்கா: தேங்காய் போட்டுக் குடுத்த பையில போட்டோவும் இருக்குதுங்க. மீசைய முறுக்கிட்டு நிக்கறாரு. அவரு மூஞ்சியத்தான் ஒரு நாயி கவ்விட்டு அக்கட்டால போச்சு.

வீட்டுக்காரர்: அது துணிப்பைம்மா! மஞ்சப்பை எடுங்கன்னு கவர்மெண்டே சொல்லுது.

அக்கா: மஞ்சளா இருந்தா மஞ்சப்பை ஆயிருமுங்களா? தீக்குச்சி வெச்சுப் பாருங்க, உருகி ஒழுகும். துணி மாதிரி இருக்கற பிளாஸ்டிக்கு அது. 2019 ஜனவரி ஒண்ணாந் தேதியிலிருந்து தமிழ்நாட்டுல தடை. பந்தி மேசையில விரிச்சீங்களே ஒரு ஷீட்டு, அதுவுந் தடை. உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் பூசுன டீ கப்பு, அதுவுந் தடை. உங்க விசேஷத்துல தடை இல்லாதது வாழையெலையும் பாப்பாவுந்தானுங்க.

வீட்டுக்காரர்: நான் வரி கட்டறேன்.

(எங்கள் வீதியில் யாரிடம் குப்பையைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வெளியே வருவது இந்த வரிதான். வெளியே வராதது வாளி.)

அக்கா: கட்டறீங்க, அதுக்குத்தான் வண்டி வருது. விசிலடிச்சு விசிலடிச்சு என்ற தொண்டை போச்சு. நீங்க கதவு தொறக்கறதில்ல. ராத்திரி ஸ்கூட்டர்ல லைட்டை அணைச்சுட்டு சைட்டுக்குப் போறீங்க.

வீட்டுக்காரர்: முக்குல தொட்டி இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. நாங்க எங்க போடறது?

அக்கா: தொட்டி இருந்தப்பவும் நீங்க அதுக்குள்ள போட்டதில்லீங்க. வண்டியிலிருந்து எறங்காம எறிவீங்க. தொட்டி காலியா இருக்கும், சுத்திலும் நெறைஞ்சு கெடக்கும்.

வீட்டுக்காரர்: விசேஷ ஊடுன்னா குப்பை ஆகத்தானே செய்யும்?

அக்கா: ஆகட்டுமுங்க. நூறு பேருக்கு மேல கூடறாப்ல இருந்தா மூணு வேலை நாளைக்கு முந்தியே கார்ப்பரேசன்ல சொல்லிப்போடோணும், குப்பையப் பிரிச்சுக் குடுக்கோணும்னு 2016லயே விதி போட்டிருக்குதுங்க.

வீட்டுக்காரர்: நூறு பேரெல்லாம் வரல.

அக்கா: எலைய எண்ணிட்டுத்தான் வந்தனுங்க.

வீட்டுக்காரர்: ஏம்மா, பத்திரிக்கை வெக்கலைங்கற கோவத்துலதானே இத்தனையும் பேசறே?

அக்கா: கூப்புட்டு எலையில உக்கார வெக்கலைன்னு கோவமில்லீங்ணா. கூப்புடாமலே எலையெடுக்க வெச்சீங்க பாருங்க, அதுதான். எலைக்கடியில டயப்பரு, டயப்பருக்கடியில ஒடைஞ்ச கண்ணாடி டம்ளரு. எல்லாத்தையும் கையிலதான் பிரிக்கோணும். பிரிக்காம ஏத்துனா வெள்ளலூர் குப்பைக் கெடங்குக்குத்தான் போகும். 2024 ஏப்ரல்ல அங்க பத்திக்கிட்டு நாள்கணக்கா எரிஞ்சப்ப, ஜன்னலைச் சாத்திட்டு யாரைத் திட்டுனீங்க?

வீட்டுக்காரர்: ...கார்ப்பரேசனைத்தான்.

அக்கா: கார்ப்பரேசன்னா நாங்கதானுங்களே. அப்பப் பலகாரத்துக்குக் கூப்புடலையேன்னு பாத்தேன்.

வீட்டுக்காரர்: இப்ப என்ன, அபராதம் போடுவாங்களா?

அக்கா: எனக்குத் தெரியாதுங்க. சூப்பர்வைசர் வந்துட்டிருக்காரு. பத்திரிக்கை அவருகிட்டத்தான் இருக்குது. பேரு, வீதி, போன் நம்பரு எல்லாம் போட்டிருக்குதேன்னு ஒரே சந்தோசம் அவருக்கு. எங்களுக்கு இத்தனை வெவரமா யாரும் எழுதித் தரமாட்டாங்கன்னாரு.

வீட்டுக்காரர்: (போனை எடுக்கிறார்) மாப்ள, எங்கிருக்கறே? இல்ல, பாப்பா நல்லாத்தான் இருக்கறா. உன்ற சீர்ல ஒண்ணு பாக்கி நிக்குது... தட்டெல்லாம் வேண்டாம்டா. கையுறை ரெண்டு சோடி வாங்கிட்டு வெரசா வா.