மரத்த வெட்டறதுக்குள்ள நம்ம உயிரு போயிடும் போல

வீட்டுச் சுவத்துல இருந்து ரெண்டே அடி தள்ளி ஒரு மே ஃப்ளவர் மரம், அப்பா ஆசையா வெச்சது, இப்ப மொட்டை மாடியத் தாண்டி நிக்குது. வேர் மேலாகவே பரவுற ஜாதி, சம்ப் சுவத்துல விரல் போற அளவுக்கு விரிசல். 2016 வர்தா புயல்ல ஒரு கிளை முறிஞ்சு சன்ஷேட ஒடச்சுது, அன்னிக்கே எடுத்திருக்கணும், அப்பா வெச்ச மரம்டான்னு அம்மா ஒரே அழுகை, விட்டாச்சு.

இப்ப வெட்டலாம்னா மரம் வெட்டறவர் 25,000 கேக்குறார், விறகும் அவருக்கே வேணுமாம், ஏண்ணே இவ்ளோன்னா "அடியில அறுத்துத் தள்ள எடம் எங்க சார் இருக்கு, கயிறு கட்டி மேல இருந்து துண்டு துண்டா எறக்கணும்"ங்கறார், சரி அதுவும் நியாயந்தான். நடுவுல ஈபி லைன் வேற, அத ஆஃப் பண்ணச் சொல்லி லெட்டர் குடுத்து மூணு வாரம் ஆச்சு. பர்மிஷனுக்குப் போனா ஃபோட்டோ எடுத்துட்டு வாங்கங்கறாங்க, எடுத்துட்டுப் போனா அந்த சீட்ல இருக்கறவர் லீவாம்.

இத்தன வருஷமா இலை விழுது குப்பை விழுதுன்னு சண்டை போட்ட எதிர்வீட்டு மாமா நேத்து வந்து "பச்சை மரத்த வெட்டறது பாவம் தம்பி"ங்கறார். அவர் கார் அந்த நிழல்லதான் நிக்குது!