பட்டறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே 1917இல் எழுந்த சுவர்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு தொடங்கிவிட்டால், இங்கு வாழும் தமிழ்ப் பெற்றோரிடையே கல்லூரித் தரத்திலான ஏ.பி. வகுப்புகளில் எத்தனை எடுக்கலாம், கால்குலஸை எந்த வகுப்பில் முடிக்கலாம் என்ற பேச்சுத்தான் நடக்கும். அதே படிவத்தில் சில பக்கங்கள் தள்ளி இருக்கும் 'தொழில், தொழில்நுட்பக் கல்வி' என்ற பகுதியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பகுதி படிப்பு வராத பிள்ளைகளுக்கானது என்று நாம் எப்போதோ முடிவுகட்டிவிட்டோம். அந்த முடிவு தவறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஏனெனில் பல பத்தாண்டுகள் வரை அது ஓரளவு உண்மையாகவே இருந்தது. அப்படி ஆனதற்குப் பிள்ளைகள் காரணமில்லை, சட்டம்தான் காரணம்.

முதலில் இதன் பரப்பைச் சொல்லிவிடுகிறேன். வெல்டிங், தச்சு, வாகனப் பழுதுநீக்கம் ஆகியவற்றோடு செவிலியர் உதவியாளர் பயிற்சி, கணினி வலையமைப்பு, உயிரித் தொழில்நுட்ப ஆய்வகம், வேளாண்மை, சமையற்கலை, கணக்குப்பதிவு எல்லாம் இதில் அடங்கும். இவற்றை 16 தொழில் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2024இல் அவற்றை 14 ஆகத் திருத்தி அமைத்தார்கள். ஒரே துறையில் குறைந்தது இரண்டு பாடங்களை முடித்த மாணவரைத்தான் கூட்டரசுச் சட்டம் அத்துறையில் ஊன்றிப் படித்தவராகக் கணக்கில் கொள்கிறது. விருப்பப் பாடமாக ஒரு மரவேலை வகுப்பை எடுத்துவிட்டு வருபவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். 1917 பிப்ரவரியில் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-ஹியூஸ் சட்டம்தான் உயர்நிலைப் பள்ளித் தொழிற்கல்விக்கு முதன்முதலில் கூட்டரசுப் பணத்தைக் கொண்டுவந்தது. பணத்தோடு அது ஒரு பிரிவினையையும் கொண்டுவந்தது. தொழிற்கல்விக்கெனக் கூட்டரசு அளவில் தனி வாரியம், மாநிலங்களில் அதற்கென ஒரு பொறுப்பு வாரியம், தனிக் கணக்கு, தனி ஆசிரியர்கள் என்று எல்லாம் தனியாயின. தொழில் வகுப்புகளில் சேர்ந்த, இன்னும் வேலைக்குப் போகாத மாணவரின் பயிற்று நேரத்தில் குறைந்தது பாதி செய்முறை வேலைக்கே போக வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. கூட்டரசுப் பணம் வேளாண்மை, தொழில், மனையியல் ஆசிரியர்களின் சம்பளத்துக்கு உதவியது. அதே மாணவர்களுக்குக் கணிதமும் இலக்கியமும் கற்பிப்பவருக்கு அதில் பங்கில்லை. ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் உருவாயின. நடுவே சுவர் எழுந்தது.

இது நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் தத்துவவியலாளரும் கல்வியாளருமான ஜான் டூயி. சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1915இல், டேவிட் ஸ்னெடன் என்ற கல்வி நிர்வாகியோடு அவர் அச்சிலேயே வாதாடினார். தொழிற்கல்விக்குத் தனி அமைப்பு இருந்தால்தான் திறமையாக நடக்கும் என்பது ஸ்னெடனின் கட்சி. இருக்கிற தொழில் அமைப்புக்குள் தொழிலாளரைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடும் கல்வியில் தமக்கு நாட்டமில்லை, அந்த அமைப்பின்மீது தமக்கு அவ்வளவு காதலும் இல்லை என்று டூயி பதில் சொன்னார். வாதத்தில் வென்றவர் யார் என்று இன்றும் பேசலாம். சட்டத்தில் வென்றவர் ஸ்னெடன்தான்.

சுவர் இருக்கும் இடத்தில், யார் எந்தப் பக்கம் என்று ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும். கறுப்பினப் பிள்ளைகளும், புதிதாகக் குடியேறியவர்களின் பிள்ளைகளும், ஏழைப் பிள்ளைகளும் அளவுக்கு மீறிப் பட்டறைப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். கறுப்பினத் தலைவர்களான புக்கர் டி. வாஷிங்டனுக்கும் டுபாய்ஸுக்கும் நடந்த புகழ்பெற்ற பிணக்கின் ஒரு வேர் இதில்தான் இருக்கிறது. கைத்தொழிலே கறுப்பினத்தவரை உயர்த்தும் என்று வாஷிங்டன் 1895இல் அட்லாண்டாவில் பேசினார். டுபாய்ஸ் 1903இல் அதை எதிர்த்து எழுதினார். டுபாய்ஸ் கைத்தொழிலை எதிர்த்தார் என்று சிலர் சுருக்கிச் சொல்வது சரியன்று. உயர்கல்வியைக் கைவிடுவதற்கு ஈடாக அதைக் கொடுப்பதைத்தான் அவர் எதிர்த்தார். பிறப்பை வைத்துத் தொழிலைக் கட்டிய ஒரு சமூகத்திலிருந்து வந்த நமக்கு இந்த அச்சத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1983இல் வெளிவந்த தேசியக் கல்வி ஆணைக்குழு அறிக்கை, உயர்நிலைப் பள்ளியை முடிக்க நான்கு ஆண்டு ஆங்கிலம், மும்மூன்று ஆண்டு கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லதுதான். ஆனால் மாநிலங்கள் பள்ளியை முடிப்பதற்கான கட்டாயப் பாடங்களை ஏற்றிக்கொண்டே போனதில் பட்டறைக்கான நேரம் சுருங்கியது. மறு ஆண்டு, கென்டக்கியிலிருந்து கூட்டரசுப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான கார்ல் பெர்கின்ஸின் பெயரில் புதிய சட்டம் வந்தது. 2006 திருத்தத்தில் 'வொகேஷனல்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு இன்றைய பெயரை வைத்தார்கள். 2018 ஜூலையில் ஐந்தாம் பெர்கின்ஸ் சட்டம் நிறைவேறியது. இன்று ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் இதன்வழி மாநிலங்களுக்குப் போகிறது. அறிவிப்புப் பலகையை மாற்றினால் சுவர் இடிந்துவிடாது என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் சில இடங்களில் உண்மையிலேயே இடித்திருக்கிறார்கள். அங்கு நடந்தவைதான் கவனிக்கத் தக்கவை.

கூரை அமைக்கும் தச்சர் கையில் எல் வடிவ எஃகு மட்டம் ஒன்று இருக்கும். அதன் முகத்தில் வரிசையாக எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 6 என்ற அங்குலக் குறியின் கீழே, முதல் வரிசையில், 13.42 என்று இருக்கும். கூரை 12 அங்குலம் கிடையாகப் போகும்போது 6 அங்குலம் உயர்கிறது என்றால், அந்த ஓர் அடிக்குச் சாய்வு மரத்தின் நீளம் 13.42 அங்குலம் என்பது அதன் பொருள். 12இன் வர்க்கம் 144, 6இன் வர்க்கம் 36, கூட்டினால் 180, அதன் வர்க்கமூலம் 13.42. பித்தகோரஸ் தேற்றம் எஃகில் வெட்டிக் கிடக்கிறது. சுவர் எழுப்பிய பள்ளியில் தச்சு ஆசிரியர் அந்த எண்ணைப் பார்த்து மரத்தை அறுக்கச் சொல்வார். கணித ஆசிரியர் அடுத்த அறையில், கூரை என்ற சொல்லையே எடுக்காமல் அதே தேற்றத்தைப் பலகையில் எழுதுவார். இரண்டையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் கேட்கும். இரண்டும் ஒன்று என்று அதற்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய முடியுமா என்று 2000களில் ஒரு சோதனை நடந்தது. தொழிற்கல்வி ஆசிரியரையும் கணித ஆசிரியரையும் இணையாகச் சேர்த்து, தொழில் பாடத்துக்குள் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கணிதத்தை வெளியே எடுத்துப் பாடமாக்கச் சொன்னார்கள். ஆசிரியர்களைத் தற்போக்கு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டபோது, அந்த மாணவர்கள் பொதுக் கணிதத் தேர்விலும் கல்லூரி நுழைவு நிலைத் தேர்விலும் முன்னேறியிருந்தார்கள். தொழில் அறிவிலும் எதையும் இழக்கவில்லை. புதிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார நேரம் ஒதுக்கினால் போதும். அந்த நேரத்தை ஒதுக்கத்தான் நிர்வாகங்களுக்கு மனம் வருவதில்லை.

1969இல் பிலடெல்பியாவில் தொடங்கிய 'கரியர் அகாடமி' முறையும் இதே வழியில் வந்ததுதான். ஒரு பெரிய பள்ளிக்குள் சிறு குழு மாணவர்கள் ஒரே ஆசிரியர் அணியோடு மூன்று நான்கு ஆண்டுகள் இருந்து, பொதுப்பாடத்தையும் ஒரு தொழில் துறையையும் சேர்த்துப் படிப்பார்கள். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளில் 1,700க்கு மேற்பட்ட விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தது. பள்ளி முடிந்த பின் வந்த எட்டு ஆண்டுகளில், அகாடமியில் இடம் கிடைத்தவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 11 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2,000 டாலர், கூடுதலாக இருந்தது. உயர்கல்வியில் இரு குழுவினருக்கும் வேறுபாடில்லை. தொழிற்கல்வி எடுத்தால் கல்லூரிக் கதவு அடைபட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இந்த இரண்டாவது முடிவை மனத்தில் கொள்ள வேண்டும்.

கனெக்டிகட் மாநிலத்தின் 16 தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் வலுவான விளைவைக் காட்டியது. சேர்க்கை மதிப்பெண் எல்லையில் மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டதில், இடம் பெற்ற ஆண் மாணவர்கள் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்திருந்தது. பிற்கால வருமானம் ஏறத்தாழ 32 விழுக்காடு கூடியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்களும் உயர்ந்திருந்தன. பெண் மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தென்படவில்லை.

அந்தக் கடைசி வரியைப் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். காரணம் இன்னதென்று ஆய்வு அறுதியிடவில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். பட்டறைக்குள்ளேயே இன்னொரு பிரிவினை இருக்கிறது. மின்பணி, குழாய்ப்பணி, வெல்டிங் ஆகியவற்றில் பையன்களும், அழகுக்கலை, குழந்தைப் பராமரிப்பு, செவிலியர் உதவி ஆகியவற்றில் பெண்களும் போய் நிற்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்குப்படி எலக்ட்ரீஷியனின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 61,000 டாலர். செவிலியர் உதவியாளருடையது ஏறத்தாழ 38,000 டாலர். ஒரு பாலினத்தவர் 25 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள தொழில்களை மரபுமீறிய துறைகள் என்று பெர்கின்ஸ் சட்டம் வகைப்படுத்தி, அவற்றில் சேரும் மாணவர் எண்ணிக்கையை மாநிலங்கள் கண்காணிக்கச் செய்கிறது. கண்காணித்து என்ன பயன்? ஒன்பதாம் வகுப்பில் கவுன்சலர் ஒரு பெண்ணிடம் எந்தத் துறையின் துண்டறிக்கையை நீட்டுகிறார் என்பதில்தான் பாதி தீர்ந்துவிடுகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிற்பள்ளிகளில் ஒரு வாரம் பட்டறை, மறுவாரம் பொதுப்பாடம் என்று மாறி மாறி நடக்கும். ஒன்பதாம் வகுப்பில் பல பட்டறைகளைச் சுற்றிப் பார்த்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தப் பள்ளிகள் நன்றாக நடந்ததால் இடத்துக்குப் போட்டி வந்தது. போட்டி வந்ததும் பள்ளிகள் மதிப்பெண், வருகைப்பதிவு, ஒழுக்கப் பதிவு, கவுன்சலர் பரிந்துரை ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டத் தொடங்கின. முன்பு ஏழைப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடமாக இருந்தது, இப்போது அதே பிள்ளைகள் நுழைய முடியாத இடமாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நீண்ட வாதத்துக்குப் பின் 2025 மே மாதத்தில் மாநிலக் கல்வி வாரியம் குலுக்கல் முறைச் சேர்க்கைக்கு வாக்களித்தது. நான் குலுக்கலின் பக்கம். ஒரு பிள்ளைக்குப் பட்டறை பொருந்துமா என்பதை எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

அடுத்து, சான்றிதழ்கள். 'உங்கள் பிள்ளை தொழில்துறைச் சான்றிதழோடு வெளியே வருவார்' என்று விளம்பரம் செய்யாத பள்ளியே இல்லை. என்ன சான்றிதழ் என்று கேட்க வேண்டும். குளிர்சாதனத் துறையில் கூட்டரசுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி வழங்கப்படும் இ.பி.ஏ. 608 சான்றிதழ் இல்லாமல் குளிரூட்டி வாயு அடைத்த கருவியை எவரும் பழுதுபார்க்கக் கூடாது. ஆகவே அதற்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு. வெல்டிங்கில், இணைத்த தகட்டிலிருந்து பட்டைகளை வெட்டியெடுத்து, இழைத்து, அச்சில் வைத்து 'யு' வடிவத்துக்கு வளைப்பார்கள். நீண்டு இழுபட்ட முகத்தில் 3 மில்லிமீட்டரை மீறிய பிளவு ஒன்று தெரிந்தாலும் தோல்விதான். அதில் தேறிய மாணவரிடம் பேச்சுக்கு இடமில்லாத ஒரு திறமை இருக்கிறது. மறுபுறம், 10 மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்குக் கொடுக்கும் ஓஷா (கூட்டரசுப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) அட்டையையும் சில மாநிலங்கள் இதே பட்டியலில் வைத்திருக்கின்றன. அந்தப் பயிற்சி தேவையானதுதான். ஆனால் அந்த அட்டையை மட்டும் பார்த்து எவரும் வேலை கொடுப்பதில்லை. மதிப்பீட்டில் பள்ளிக்குப் புள்ளி கிடைக்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் மறைக்கக் கூடாது. பொருளியலாளர் ஹனுஷெக்கும் கூட்டாளிகளும் பல நாடுகளின் தரவுகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதில் கிடைக்கிறது, ஆனால் தொழில்நுட்பம் மாறமாற முதுமையில் அந்த அனுகூலம் கரைந்து பாதகமாகிறது என்று கண்டார்கள். இந்தப் போக்கு பள்ளியையும் பணியிடத்தையும் இணைத்த தொழிற்பயிற்சி முறை வேரூன்றிய நாடுகளில்தான் வலுவாகத் தெரிந்தது. இதைக் காட்டித் தொழிற்கல்வியே வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கோ இது பொதுக்கல்வியைப் பட்டறையிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்கான சான்றாகவே படுகிறது. நாற்பத்தைந்து வயதில் புதிய இயந்திரத்தின் கையேட்டைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு மொழியும் கணிதமும் கைவசம் இருந்தாக வேண்டும். அவற்றைப் பதினாறு வயதில் மறுத்துவிட்டு, பிறகு அவருக்குத் தகவமைதல் போதவில்லை என்று குறைசொல்வது நியாயமில்லை.

ஆகவே பாடத்தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும்போது, மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை செவிலியர் உதவியாளர் வகுப்பை எடுக்கட்டும். கூட்டரசு விதிக்கும் குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்; அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறையாக இருக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைக்கத் தெரிவது எந்த மருத்துவருக்கும் வீணாகாது. பொறியியல் விரும்பும் பிள்ளை உலோகத்தை உருக்கிப் பார்க்கட்டும். பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இந்தத் துறையை எடுத்தால் கணிதத்தில் எந்தப் பாடம் வரை போக முடியும்? கால அட்டவணையில் பட்டறையும் உயர்நிலைக் கணிதமும் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா? கல்லூரி கிரெடிட் கிடைக்குமென்றால் எந்தக் கல்லூரி அதை ஏற்கிறது? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குத் தகவல் இல்லை என்று சொன்னால் விட்டுவிட வேண்டாம். ஊன்றிப் படித்த மாணவர்கள் பள்ளியை விட்ட பின் இரண்டாம் காலாண்டில் கல்லூரியிலோ வேலையிலோ பயிற்சியிலோ இருக்கிறார்களா என்பதைப் பெர்கின்ஸ் சட்டத்தின்படி மாநிலங்கள் கணக்கெடுத்துக் கூட்டரசுக்கு அனுப்புகின்றன. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சி.டி.இ. பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அந்தத் துறைக்கான கணக்கை அவரிடம் கேட்டு வாங்கிய பிறகு படிவத்தில் கையெழுத்திடலாம்.